வீட்டுக் குப்பையைச் சிறிதாக்க ஓர் அமுக்குப் பெட்டி

"சுவாமி, இது பாரமில்லை. இடத்தைத்தான் பிடிக்குது."

போர் முடிந்த பின்னர் வன்னியில் ஓர் இடைத்தங்கல் குடியிருப்பில் ஒரு தாய் சொன்ன வார்த்தைகள் இவை. அவருடைய கொட்டிலின் பின்புறத்தில் நான்கு உரப்பைகள் நிறைய வெற்றுப் போத்தல்களும், பால்மாப் பைகளும், மீன்ரின்களும் கிடந்தன. குப்பை ஏற்றும் உழவு இயந்திரம் பிரதான வீதி வரைதான் வரும். அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியது அவரவர் பாடு. ஒரு சைக்கிளில் ஒரு பைக்கு மேல் கட்ட முடியாது. நான்கு பைக்கு நான்கு தடவை போய் வர வேண்டும். அதற்கு அரை நாள் போய்விடும். கூலி வேலைக்குப் போகிற குடும்பத்திடம் அந்த அரை நாள் இல்லை.

அவர் சொன்னதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல் ஒன்றின் நிறை ஏறத்தாழ 30 முதல் 35 கிராம். நூறு லீற்றர் கொள்ளும் ஒரு பையில், இடையில் விழும் வெற்றிடங்களையும் சேர்த்துப் பார்த்தால், 50 போத்தலுக்கு மேல் நுழையாது. அப்படியானால் ஒரு பை நிறையப் போத்தலின் நிறை இரண்டு கிலோவுக்கும் குறைவு. மிகுதி எல்லாம் காற்று. சைக்கிளின் பின்னால் கட்டி, வியர்வை சிந்தி நாம் இழுத்துச் செல்வது காற்றைத்தான்.

சொந்தக் காணியில் இருந்த காலத்தில் இந்தப் பிரச்சினை இவ்வளவாக எழவில்லை. வளவின் மூலையில் ஒரு கிடங்கு இருந்தது. வாழைக்கு அடியில் போட்டதை வாழை தின்றது. இன்று உறவினர் காணியிலோ, அரச காணியிலோ, வாடகை வளவிலோ இருக்கும் குடும்பத்துக்குக் கிடங்கு வெட்டவும் உரிமை இல்லை. ஆகவே பலரும் கொளுத்திவிடுகிறார்கள். பொலித்தீனும் பிளாஸ்ரிக்கும் திறந்த வெளியில் எரியும்போது வரும் புகை நஞ்சு. அதுவும் கொட்டில்கள் நெருங்கிக் கிடக்கும் இடத்தில் அந்தப் புகை அடுத்த வீட்டுத் தொட்டிலுக்குத்தான் போகிறது.

கொளுத்தாமல் வெளியே குவித்து வைத்தால் மழைக்காலத்தில் வேறொரு ஆபத்து. 2017ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 1,86,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவாகினர். டெங்கைப் பரப்பும் நுளம்புக்குக் குளமோ வயலோ தேவையில்லை. ஒரு மீன்ரின்னில் தேங்கிய இரண்டு விரற்கடைத் தண்ணீர் போதும். ஏழு முதல் பத்து நாட்களில் முட்டை நுளம்பாகிவிடும். தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக் கணக்கில் உயிரோடு ஒட்டியிருந்து அடுத்த மழைக்குப் பொரிக்கும். ஆனால் தட்டையாக்கப்பட்ட ரின்னில் தண்ணீர் தேங்காது. குப்பையைச் சிறிதாக்குவது இடத்தை மிச்சப்படுத்தும் வேலை மட்டுமல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

குப்பையை அமுக்கும் வீட்டு இயந்திரம் புதிய எண்ணமல்ல. 1969இல் அமெரிக்காவின் வேர்ள்பூல் நிறுவனம் சமையலறையில் வைக்கத்தக்க மின்சார அமுக்கி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இத்தகைய இயந்திரங்கள் ஒரு தொன் பாரத்துக்கு ஒப்பான விசையோடு அமுக்கக் கூடியவை. மின்சாரக் கட்டணத்தை நினைத்தே விளக்கை அணைக்கும் எமக்கு அது உதவாது. எம்மிடம் இருப்பது எமது உடலின் பாரம். அதைக் கொண்டு எவ்வளவு செய்யலாம் என்பதே கேள்வி. இதற்கு விடை காண நான் மூன்று இயந்திரம் செய்ய வேண்டியிருந்தது. முதல் இரண்டும் வீணாயின. அவை ஏன் வீணாயின என்பதை விளங்கிக்கொண்டால் மூன்றாவதை நீங்களே செய்துவிடலாம்.

வீணான இரண்டு

முதலாவது, திருகி அமுக்கும் இயந்திரம். இடியப்ப உரலில் திருகு வகை ஒன்று உண்டல்லவா? அதைப் பெரிதாக்கினால் போதும் என நினைத்தேன். இரும்பு ஒட்டும் கடையில் கொடுத்துச் சட்டமும் திருகும் செய்வித்தோம். வலு இருந்தது, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு சுற்றுச் சுற்றினால் அமுக்கும் தகடு 6 மில்லிமீற்றர்தான் கீழே இறங்கும். அரை மீற்றர் இறங்க 80க்கு மேற்பட்ட சுற்று. மீண்டும் மேலே தூக்க அதே 80 சுற்று. பெண்கள் ஒரு வாரம் பொறுமையோடு சுற்றினார்கள். அதன் பின்னர் அது உடுப்புக் காயப்போடும் கம்பமாயிற்று. வெற்றுப் போத்தலும் பொலித்தீனும் முதலில் மிக இலகுவாக இறங்கும் பொருட்கள், கடைசி நான்கைந்து அங்குலத்தில்தான் எதிர்க்கும். ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே மெதுவான வேகத்தில் பெரும் விசை கொடுக்கும் திருகு அவற்றுக்குப் பொருந்தாது.

இரண்டாவது, நெம்பு. எண்ணெய்ப் பீப்பா ஒன்றை மேல்மூடி வெட்டி நிறுத்தி, பக்கத்தில் ஒரு மரக்கட்டையை நிலத்தில் நட்டு, அதில் ஒரு நீண்ட தடியைக் கோத்தோம். இது வேகமாக வேலை செய்தது. ஆனால் இரண்டு குறை. ஒன்று, போத்தல்கள் சற்றே வளைந்துவிட்டு மீண்டும் எழுந்தன. மற்றது, மூன்றாம் நாள் கட்டை மணலோடு மேலே கிளம்பி வந்துவிட்டது. கிடங்கை இன்னும் ஆழமாக வெட்டுவோம் என்றேன். காணிக்காரர் வந்து, என் வளவில் தூண் நடுகிறீர்களோ என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

போத்தல்கள் ஏன் நசியவில்லை? அமுக்கம் என்பது விசையை அது பரவும் பரப்பால் பிரித்தால் வருவது. 200 லீற்றர்ப் பீப்பாவின் வாய் ஏறத்தாழ 2,500 சதுர சென்ரிமீற்றர். நெம்பின் மூலம் 100 கிலோ பாரம் கொடுத்தோம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர சென்ரிமீற்றருக்குக் கிடைப்பது 40 கிராம் மட்டுமே. இனி 50 கிலோ நிறையுள்ள ஒரு பெண் தன் குதிக்காலால் ஒரு போத்தலை மிதிக்கட்டும். குதிக்கால் 50 சதுர சென்ரிமீற்றர் என்றால், ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஒரு கிலோ. என் இயந்திரத்தை விட அந்தத் தாயின் குதிக்கால் 25 மடங்கு சிறந்த அமுக்கி! கடதாசியில் இந்தக் கணக்கைப் போட்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது. ஏனென்றால் குடியிருப்புச் சிறுவர்கள் இதைக் கணக்கில்லாமலே அறிந்து, போத்தல்களைக் காலால் மிதித்து வெடிக்க வைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே நசிப்பது காலின் வேலை. நசித்ததை மீண்டும் எழவிடாமல் பிடித்து, நெருக்கிக் கட்டுவதே பெட்டியின் வேலை. இதை விளங்கிக்கொண்ட பின்னர்தான் மூன்றாவது பெட்டி உருவாயிற்று.

துலாவும் பாக்குவெட்டியும்

தண்ணீர் இறைக்கும் இயந்திரம் வருமுன் யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் துலா மிதித்தார்கள். ஆள் துலாவின் மேல் ஏறி முன்னும் பின்னும் நடக்க, அவருடைய உடற்பாரமே பட்டையை மேலே தூக்கியது. கை வலுவை விட உடற்பாரம் களைப்பில்லாத வலு என்பதை எமது முன்னோர் அறிந்திருந்தனர். எமது பெட்டிக்கும் அந்த வலுவே வேண்டும். ஆனால் துலாவில் அச்சுலக்கை நடுவில் இருக்கிறது. ஒரு பக்கம் தாழ மறுபக்கம் உயரும். எமக்கு வேண்டியது பாக்குவெட்டியின் அமைப்பு. அதில் இணைப்பு ஒரு நுனியில், பாக்கு அதை அடுத்து, கை மறு நுனியில். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பொறுதி, சுமை, எத்தனம் என்று படிப்பது இதைத்தான்.

பொறுதியிலிருந்து ஓரடி தூரத்தில் பெட்டியின் நடுவும், 6 அடி தூரத்தில் கைபிடிக்கும் இடமும் இருக்குமானால், நீங்கள் கொடுக்கும் 25 கிலோ பாரம் பெட்டிக்குள் 150 கிலோவாகும். இது இலவசமாகக் கிடைப்பதல்ல. உங்கள் கை மூன்றடி இறங்கினால் பெட்டிக்குள் பலகை அரை அடிதான் இறங்கும்.

இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். பாக்கை வெட்டும்போது இணைப்பாணியின் மீதும் ஒரு விசை வருகிறது. எமது பெட்டியில் 150 கிலோவிலிருந்து 25 கிலோவைக் கழித்தால் வரும் 125 கிலோ, பொறுதியை மேல்நோக்கி இழுக்கிறது. என் மரக்கட்டை மணலைப் பிய்த்துக்கொண்டு கிளம்பியதன் காரணம் இதுதான். எவ்வளவு ஆழமாக நட்டாலும் இந்த இழுவை ஓயாது. அதற்கு மருந்து கிடங்கு வெட்டுவதல்ல. பொறுதியைத் தாங்கும் நிமிர்கட்டைகளை, பெட்டி நிற்கும் அதே அடிச்சட்டத்தோடு மரையாணியால் பூட்டிவிட வேண்டும். அப்போது பெட்டி கீழே அமுக்குவதும் பொறுதி மேலே இழுப்பதும் ஒரே சட்டத்துக்குள் அடங்கிவிடும். நிலத்துக்கு இதில் வேலையே இல்லை. காணிக்காரரிடம் அனுமதி கேட்கவும் தேவையில்லை.

இன்னுமொன்று. நெம்பின் நுனியைக் கீழே இழுத்தால் முழுப்பெட்டியும் உங்கள் பக்கம் கவிழப் பார்க்கும். அதற்காக அடிச்சட்டத்தின் இரண்டு நீளக் கட்டைகளையும் நெம்பின் நுனிக்கு நேரே வரும் வரை நீட்டி, அங்கே குறுக்கே ஒரு பலகை பூட்டுங்கள். அமுக்குபவர் அந்தப் பலகையில் ஏறி நின்றே அமுக்க வேண்டும். அவருடைய பாரமே பெட்டியைக் கவிழாமல் பிடித்துக்கொள்ளும்.

செய்யும் முறை

பெட்டி உள்ளளவு 10 அங்குலம் அகலம், 12 அங்குலம் நீளம், 30 அங்குலம் உயரம். பெரிதாகச் செய்ய எல்லோருக்கும் ஆசை வரும், எனக்கும் வந்தது. ஆனால் நீளத்தையும் அகலத்தையும் இரட்டித்தால் அமுக்கம் நான்கில் ஒன்றாகிவிடும். பெரிய கட்டைத் தூக்கவும் ஆள் வேண்டும். இந்த அளவில் கட்டும் சிப்பம் சைக்கிள் கரியரில் அடங்கும்.

பக்கப் பலகைகளுக்கு எந்த மரமும் போதும், ஒரு அங்குலம் தடிப்பு இருக்கட்டும். முன்பக்கப் பலகை கதவாகத் திறக்க வேண்டும். அமுக்கும்போது பக்கங்கள் வெளியே தள்ளப்படும். ஆகவே கதவுக்குச் சிறு கொளுக்கி போதாது. மேலும் கீழும் இரண்டு குறுக்குச் சட்டங்களை நிறுத்தித் தடுங்கள். அடிப்பலகையிலும், அமுக்கப் பலகையின் அடிப்பக்கத்திலும் இரண்டிரண்டு சட்டங்களை இடைவெளி விட்டு அறைந்து, கயிறு ஓடக்கூடிய வாய்க்கால் இரண்டு விட வேண்டும். இதை மறந்தால் அமுக்கிய பின்னர் கட்டக் கயிறு நுழையாது. நான் பார்த்தவற்றில் அதிகமாக நேரும் பிழை இதுவே.

நெம்புக்கு வைரம் பாய்ந்த பனையோ முதிரையோ நல்லது. ஏழடி நீளம், 2 அங்குலத்துக்கு 3 அங்குலம், 3 அங்குலப் பக்கம் நிமிர்ந்து நிற்க வேண்டும். அதே கட்டையைப் படுக்கையாக வைத்தால் எளிதில் வளையும். நிமிர்கட்டைகள் இரண்டுக்கும் நடுவில், நிலத்திலிருந்து மூன்றடி உயரத்தில் அரை அங்குலத் தடிப்புள்ள மரையாணியில் நெம்பைக் கோர்க்கவும். எங்கும் ஆணி அறைய வேண்டாம். அடிச்சட்டம், நிமிர்கட்டை, பெட்டி எல்லாம் மரையாணியால் மட்டுமே பூட்டப்படட்டும். எமது மக்கள் எத்தனை தடவை இடம் மாறியிருக்கிறார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கழற்றிக் கொண்டுபோக முடியாத பொருளைச் செய்து கொடுப்பது அவர்களுக்கு இன்னொரு இழப்பைச் செய்து கொடுப்பதாகும்.

பெட்டியின் இரு பக்கமும் நான்கு அங்குலத்துக்கு ஒன்றாக எதிரெதிரே துளைகள் இட்டு, அவற்றில் நுழையும் இரண்டு இரும்புக் கம்பிகள் வைத்திருங்கள். பலகை அரை அடி இறங்கியதும் அதன் மேல் கம்பிகளைக் குறுக்கே செருகினால் பொருட்கள் மீண்டும் எழாது. பின்னர் நெம்பை உயர்த்தி, பலகையின் மேல் ஒரு மரத்துண்டை வைத்து மீண்டும் அமுக்கலாம். இப்படித் துண்டின் மேல் துண்டாக வைத்துப் போனால் பொறுதியை இடம் மாற்றத் தேவையில்லை.

எதை அமுக்கலாம், எதை அமுக்கக் கூடாது

சமையற் கழிவை இதில் போடவே வேண்டாம். எமது வீட்டுக் குப்பையின் நிறையில் பாதிக்கு மேற்பட்டது அதுதான். ஈரமான கழிவை அமுக்கினால் உள்ளே காற்று அற்று அழுகி நாறும், சாறு வடியும், இலையான் மொய்க்கும். அது கோழிக்கும் ஆட்டுக்கும், மிச்சம் கூட்டெருவுக்கும் போகட்டும். கிடங்கு வெட்ட இடமில்லாதவர்கள் அடிப்பாகம் துளையிட்ட பீப்பாவிலோ, ஓலையால் வளைத்த கூட்டிலோ நிலத்துக்கு மேலேயே கூட்டெரு போடலாம். சிரட்டை அடுப்புக்கு. போத்தற் கண்ணாடியை அமுக்கினால் கை கிழியும். குழந்தைகளின் அணைதுணியை, அதாவது பம்பர்சை, அமுக்கினால் என்ன நடக்கும் என்பதைத் தாய்மாருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

நுளம்புக்கு அடிக்கும் வாயு அடைத்த பேணிகள் வெற்றாக இருந்தாலும் வெடிக்கலாம். பற்றறிகளும் மின்குமிழ்களும் வேறாக வைக்கப்பட வேண்டியவை. இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. மீள்குடியேறிய காணியைத் துப்புரவாக்கும்போது கிடைக்கும், இன்னதென்று தெரியாத எந்த உலோகப் பொருளையும் பழைய இரும்பென்று எண்ணித் தொடவோ, தட்டவோ, இந்தப் பெட்டிக்கு அருகில் கொண்டுவரவோ கூடாது. கிடந்த இடத்திலேயே விட்டு, அடையாளம் வைத்து, பிள்ளைகளை அகற்றி, பொலிசாருக்கோ கிராம அலுவலருக்கோ உடனே அறிவியுங்கள்.

அமுக்கத்தக்கவை போத்தல், கழுவி உலர்த்திய பொலித்தீன், கடதாசி மட்டை, ரின் ஆகியவை. போத்தலை மூடி கழற்றி, பக்கவாட்டில் கிடத்தி, செருப்புக் காலால் மிதித்துத் தட்டையாக்கி, உடனே மூடியைத் திருகிவிடுங்கள். மூடாவிட்டால் காற்றை இழுத்து மீண்டும் எழும். சில சேகரிப்பாளர்கள் மூடியை வேறாகக் கேட்பார்கள். அப்படியானால் போத்தலை அடியிலிருந்து சுருட்டி மடிக்கலாம். ரின்னின் இரு முனையும் வெட்டி மிதித்தால் தகடாகிவிடும், விளிம்பு கூர்மையானது, வெறுங்காலோடு வேண்டாம்.

வகைகளைக் கலந்து ஒரே சிப்பமாகக் கட்டாதீர்கள். பிளாஸ்ரிக் வாங்குபவர் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத கட்டை அவிழ்த்துப் பார்ப்பார், அல்லது வேண்டாம் என்பார். பெட்டி செய்ய முன்னரே, எதை எந்த வடிவில் எடுப்பார் என்று அவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. எடுப்பவர் இல்லாத ஊரில் இந்தப் பெட்டி ஒரு நெருக்கமான குப்பைமேட்டைத்தான் தரும். அமுக்கினால் இடம் குறையுமே தவிர நிறை ஒரு கிராமும் குறையாது. 2017ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு நாளன்று கொழும்புக்கு அருகே மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து 32 பேர் மாண்டார்கள். எங்கோ ஒரு மலையில் கொண்டுபோய்க் கொட்டப்படுவதற்காக நாம் இவ்வளவு பாடுபடத் தேவையில்லை.

அமுக்கும் வேளையில் பிள்ளைகள் பெட்டிக்குள் கைவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நெம்பைக் கைதவற விட்டால் அது துள்ளி மேலே வந்து நாடியில் அடிக்கும். ஆகவே நெம்பின் நுனியிலிருந்து நிற்கும் பலகைக்கு ஒரு கயிறு கட்டி, அது தோள் உயரத்துக்கு மேல் போகாதபடி அளவாக்கிவிடுங்கள். கயிறு கட்டி முடிந்த பின்னரே கம்பிகளை உருவ வேண்டும்.

ஒரு குடும்பத்தின் உலர்ந்த குப்பைக்கு இந்தப் பெட்டி அதிகம். நான்கைந்து வீட்டுக்கு ஒன்று போதும் என்பது என் எண்ணம். அதற்கு மேல் போனால் யார் துப்புரவாக்குவது என்ற வழக்கு வரும். அடிச்சட்டத்தை நாலு செங்கல்லின் மேல் வையுங்கள், கறையான் எளிதில் ஏறாது. கழிவெண்ணெய் பூசினால் மாரியையும் தாங்கும்.

முதலில் சொன்ன அந்தத் தாய்க்குச் சில வருடங்களின் பின்னர் சொந்தக் காணி விடுபட்டது. லொறியில் இடம் போதவில்லை. மரையாணிகளையும் இரண்டு கம்பிகளையும் அமுக்கப் பலகையையும் ஒரு சாக்கில் போட்டு எடுத்துக்கொண்டார். நெம்பையும் கூரைத்தடிகளோடு சேர்த்துக் கட்டிவிட்டார். மிச்சப் பலகைகளை அடுத்த கொட்டிலுக்காரரிடம் கொடுத்தார். புதுக் காணியில் பனை நிற்கிறது, பெட்டிக்கு மரம் தேட வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.